கொடைக்கானலில் ஓட்டிய சைக்கிளை நம்ம ஊரில் ஏன் ஓட்டுவதில்லை?

கொடைக்கானல் போய் வந்த எந்தக் குடும்பத்தின் போன் கேலரியைத் திறந்தாலும் மூன்று படங்கள் கட்டாயம் இருக்கும். தூண் பாறை முன்னால் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஒன்று. கோக்கர்ஸ் வாக்கில் பனிமூட்டத்தோடு ஒன்று. ஏரிக்கரையில் வாடகை சைக்கிளோடு ஒன்று.

அந்த மூன்றாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சைக்கிளில் இருப்பது அம்மாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், ஐம்பதைத் தாண்டிய பெரியப்பாவாகவும் இருக்கலாம். ஊரில் தெருமுனைக்குப் போய் பால் வாங்கி வரவும் ஸ்கூட்டர் எடுப்பவர்கள். சைக்கிளைத் தொட்டே இருபது வருடம் ஆகியிருக்கும். இங்கே வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். "அம்மா, ஹேண்டில்பாரைப் பார்க்காதே, ரோட்டைப் பாரு!" என்று பின்னாலிருந்து மகள் கத்த, முதல் நூறு மீட்டர் ஆடி ஆடிப் போய், அப்புறம் சரியாகிவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த தைரியம் எங்கே போகிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஏரிக்கரையில் பயம் போவது ஏன்?

முதல் காரணம், பாதை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைக்குக் குறுக்கே கரை கட்டித் தேக்கியதுதான் இந்த ஏரி. அதைச் சுற்றி வரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருந்தாலும், நீரின் ஓரமாகவே வளைந்து போவதால் பெரிய ஏற்றமில்லை. நிதானமாக மிதித்தாலும் அரை மணி, முக்கால் மணியில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. நாம் அங்கே தனியாக இல்லை. முன்னால் நாலு பேர், பின்னால் பத்து பேர். நம்மைவிட மோசமாக ஆடிக்கொண்டு போகிற ஒருவராவது கண்ணில் படுவார். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற டபுள் சைக்கிளில் புதுமணத் தம்பதி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். இத்தனை சைக்கிள்கள் எதிரில் வரும்போது கார் ஓட்டுபவரும் தானாக வேகத்தைக் குறைக்கிறார். "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்க பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே இல்லை.

பயத்தைப் போக்குவது கூட வருகிற ஆட்கள்தான். உலகம் முழுக்க ஊருக்கு ஊர் நடக்கிற குழு சைக்கிள் பயணங்களுக்கும் இதுதான் அடிப்படை.

புதுக்கோட்டை காட்டிய வழி

கூட்டத்தால் வரும் இந்த தைரியத்தை ஒரு மாவட்டமே பயன்படுத்திக்கொண்ட கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய காலம் அது. தனியாக ஒரு பெண் ஓட்டியிருந்தால் அந்தக் கேலியிலேயே நிறுத்தியிருப்பார். அங்கே ஊர் ஊராகச் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். 1992 சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பொது இடங்களில் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் பங்கேற்ற பெண்கள் 70,000-க்கும் அதிகம் என்று சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அதே 1992-ன் செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஐம்பது பேர் அளவில் ஒரு கூட்டம், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் ஒன்றாக சைக்கிளில் கிளம்பியது. பிறகு அதற்கு ‘கிரிட்டிகல் மாஸ்’ என்று பெயர் வந்தது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கூடுவது வழக்கமாகி, உலகின் பல நூறு நகரங்களுக்குப் பரவியது. சிக்னல் இல்லாத சந்திப்புகளில் சீன சைக்கிள்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. தனியாகக் கடக்க முடியாதவர்கள் ஓரமாக நிற்பார்கள். போதுமான ஆட்கள் சேர்ந்ததும் ஒன்றாகக் கடந்துவிடுவார்கள்.

நகர சைக்கிள் இயக்கம் என்றதும் சான் பிரான்சிஸ்கோவைச் சொல்பவர்கள் அதிகம். தேதியை வைத்துப் பார்த்தால் நம் புதுக்கோட்டை ஆறு மாதம் முன்னால் நிற்கிறது. கூட்டமும் நமக்குத்தான் பெரிது!

எண்ணிக்கை தரும் பாதுகாப்பு

கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்பது வெறும் மனத்தெம்பு மட்டுமல்ல. 2003-ல் பீட்டர் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்கா மற்றும் ஐரோப்பாவின் விபத்துக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சைக்கிள் ஓட்டுபவர்கள் அதிகமுள்ள ஊர்களில், தனி ஒரு சைக்கிள்காரர் அடிபடும் வாய்ப்பு குறைவாக இருந்தது. சைக்கிள் ஓட்டுவது இரண்டு மடங்கானால், ஒவ்வொருவருக்குமான ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது அவர் கணக்கு. அடிக்கடி சைக்கிளைப் பார்க்கும் டிரைவர் அதை எதிர்பார்த்து ஓட்டப் பழகிவிடுகிறார் என்று இதற்கு விளக்கம் சொன்னார்.

கொடைக்கானல் ஏரிச் சாலையில் நீங்கள் பார்ப்பதும் இதைத்தான். ஊரில் உங்கள் தெருவில் நடக்காததும் இதுதான். ஒருவர் மட்டும் ஓட்டினால் அவர் சாலைக்கு இடைஞ்சல். இருபது பேர் ஓட்டினால் சாலையே கொஞ்சம் ஒதுங்கிக்கொடுக்கும்.

ரைடர்ஸ் குரூப் என்றாலே பயமா?

இன்று சென்னை, கோவை, மதுரை எனப் பல ஊர்களில் சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் ‘வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’ பல பகுதிகளில் கிளை பரப்பியிருக்கிறது. ஞாயிறு விடியலில் கிழக்கு கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் ஹெல்மெட்டும் பளிச் உடையுமாக வரிசை வரிசையாகப் போவதைப் பார்க்கலாம்.

"சேரலாமே?" என்று தோழிகளிடம் கேட்டால் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "அவங்க எல்லாம் ரொம்ப ஸ்பீடுப்பா. சைக்கிளே அம்பதாயிரம், லட்சம்னு சொல்றாங்க. நான் போய் நடுவழியில நின்னா அசிங்கமா இருக்கும்."

இந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால், கூட்டமாக சைக்கிள் ஓட்டுவது நமக்கு ஒன்றும் புதிதில்லையே! அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன் படித்தபோது எனக்கும் விலையில்லா சைக்கிள் கிடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவானது. மாலையில் ஆறு பேர் சேர்ந்துதான் வீட்டுக்குக் கிளம்புவோம். ஒருத்திக்குச் செயின் கழன்றால் ஆறு பேரும் நிற்போம். டாஸ்மாக் இருக்கும் திருப்பத்தில் யாரும் சொல்லாமலே நெருங்கி வருவோம். அதற்கு ‘குரூப் ரைடு’ என்று பெயர் இருப்பது அப்போது தெரியாது. கல்லூரிக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் அந்த ஆறு சைக்கிள்களும் ஆறு வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிவிட்டன. சைக்கிள்கள் நன்றாகத்தான் இருந்தன. கூட வர ஆள்தான் இல்லாமல்போனது.

மலை ஏறும்போது என்ன நடக்கிறது?

ஒரு குழு நல்ல குழுவா என்பதைக் கண்டுபிடிக்க மலைச்சாலை நல்ல இடம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சைக்கிளில் இந்த ஏற்றத்தை முடிப்பதைக் கனவாக வைத்திருப்பவர்கள் பலர்.

சமவெளியில் வேகமாகப் போகும்போது முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னால் ஒட்டி வருபவருக்கு மிதிக்கும் பாரம் நன்றாகக் குறையும். அதனால் வேகமானவரோடு சுமாரானவரும் ஒட்டிக்கொண்டே போய்விடலாம். மலையில் அந்தச் சலுகை இல்லை. மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை பெரிய விஷயமே கிடையாது. அவரவர் எடையை அவரவர்தான் மேலே தூக்கியாக வேண்டும். எனவே எந்தக் குழுவும் மலையில் தானாகவே சிதறும். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வரலாம்.

அங்கேதான் குழுவின் குணம் தெரியும். சில குழுக்களில் முதலில் ஏறியவர் செல்ஃபி எடுத்து, டீ குடித்து, கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த நிமிடமே "போலாமா?" என்று கிளம்பிவிடுவார். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காது. அடுத்த முறை அவர் வர மாட்டார்.

நல்ல குழு வேறு மாதிரி நடக்கும். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று கூடும் இடங்களை முன்பே சொல்லிவிடுவார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் அனுபவம் உள்ள ஒருவர் வந்துகொண்டே இருப்பார். அவருக்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் குழு நகரும். யாரையும் விட்டுவிட்டுப் போகாத இந்த வகைப் பயணத்தை ‘நோ டிராப் ரைடு’ என்கிறார்கள்.

பெயர்தான் புதுசு. பழக்கம் இந்த மலையடிவாரத்துக்குப் பழையது. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி வரும் பாதயாத்திரைக் கூட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. எங்கே தங்குவது, எங்கே சாப்பாடு, கால் கொப்புளம் போட்டவரை யார் கவனிப்பது என்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே முடிவான விஷயங்கள். பாட்டியும் நடக்கிறார், பேரனும் நடக்கிறான். பாட்டியால் முடியாத வேகத்தில் நடக்க அந்தக் கூட்டத்துக்கு அவசியமே இல்லை. இரவில் நடப்பவர்களின் பையில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரைக்கூட சைக்கிள் குழுக்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏரிச் சாலைக்கு ஒரு காலைப்பொழுது

மறுபடி ஏரிக்கு வருவோம். அங்கேயும் இப்போது நிலைமை முன்புபோல இல்லை. சீசன் நாள்களில் கார்கள் நகர முடியாமல் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாள்களில் தினமும் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். வரம்புக்கு உட்பட்டே இத்தனை என்றால், அதில் ஒரு பகுதி ஏரியைச் சுற்றினாலே 5 கிலோமீட்டர் சாலை என்ன ஆகும்? அந்த 6,000-ல் நம் வீட்டுக் காரும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவும் மலை ஊர்தான். சுமார் 2,600 மீட்டர் உயரம், கொடைக்கானலைவிட அதிகம். அங்கே 1974 முதல் ‘சிக்ளோவியா’ என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்தி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். நம் சென்னையிலும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் இதைச் செய்து பார்த்தார்கள்.

கொடைக்கானலுக்கு 120 கிலோமீட்டர் வேண்டாம். 5 கிலோமீட்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை 6 முதல் 8 மணி வரை ஏரிச் சாலையில் சுற்றுலா வாகனங்களை நிறுத்திப் பார்க்கலாம். அந்தச் சாலையை ஒட்டி வீடுகளும் விடுதிகளும் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்கள், ஆம்புலன்ஸ், வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு வழி வேண்டும். குதிரைக்காரர், வாடகை சைக்கிள் கடைக்காரர், வேர்க்கடலை விற்கும் அம்மா என்று அந்தச் சாலையை நம்பி வாழ்பவர்களைக் கேட்காமல் செய்தால் அது நிற்காது. அவர்களைக் கேட்டுச் செய்தால் பிழைப்பும் கூடும். உள்ளூர்க் குழந்தைகளுக்குத் தங்கள் ஊர் ஏரியைச் சுற்றி, ஹாரன் சத்தமில்லாமல் சைக்கிள் ஓட்ட வாரம் இரண்டு மணி நேரமாவது கிடைக்கும். சுற்றுலா வந்து போகிற நம்மைவிட அது அவர்களுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும்.

எப்படித் தொடங்கலாம்?

பெரிய குழு தேடி அலைய வேண்டாம். நாலு பேர் போதும். கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

வேகம்: பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால், குழு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தூரம்: முதல் மாதம் 5 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு கொடைக்கானல் ஏரிச் சுற்று, அவ்வளவுதான்.

வரிசை: பாதை தெரிந்தவர் முன்னால், அனுபவம் உள்ளவர் கடைசியில், புதியவர்கள் நடுவில். குறுகிய சாலையில் ஒருவர் பின் ஒருவர். குழி, மணல், நாய் எதுவாக இருந்தாலும் முன்னால் போகிறவர் குரல் கொடுக்க வேண்டும்.

சைக்கிள்: விலை முக்கியமில்லை, பிரேக் முக்கியம். வாடகை சைக்கிளாக இருந்தாலும் கிளம்பும் முன் இரண்டு பிரேக், டயர் காற்று, செயின் மூன்றையும் பாருங்கள். சீட் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். முட்டி வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த சீட்தான்.

மலைச்சாலை என்றால்: ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது விதி. இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தபடி வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் வியர்த்தாலும், வியர்வை ஈரத்தோடு மேலே போய் நின்றால் நடுங்கும். பையில் ஒரு மெல்லிய ஜெர்கின் இருக்கட்டும். பனிமூட்டத்தில் முன்னும் பின்னும் லைட் அவசியம். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடும். கண்டால் பெல் அடிக்காமல், போட்டோ எடுக்க நெருங்காமல், தள்ளி நின்று வழிவிடுங்கள்.

மிக முக்கியமாக: கிளம்பும்போது எத்தனை பேர் என்று எண்ணுங்கள். திரும்பியதும் அதே எண்ணிக்கை வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

குழுவில் வேகமானவர் யார் என்பதைச் செயலி சொல்லிவிடும். கடைசியாக வந்தவர் அடுத்த வாரமும் வந்தாரா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர் வந்தால் உங்கள் குழு வளரும். அவர் வரவில்லை என்றால், எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இந்த ஞாயிறு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சைக்கிளை வெளியே எடுங்கள். துடைத்து, காற்றடித்து, பக்கத்துத் தெரு சைக்கிள் கடையில் பிரேக் கட்டையை மாற்றுங்கள். பிறகு அம்மாவையோ, சித்தியையோ, பள்ளித் தோழியையோ கூப்பிட்டு, "ஆறு மணிக்கு வர்றீங்களா? மெதுவாத்தான் போவோம்" என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!